வழியருகே ஒரு குருவிக்கூடு



இந்த வாரத் தியானத்திற்கு உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் 6, 7, 8ஆம் வசனங்களை எடுத்துக்கொண்டேன். வேதாகமத்தைத் திறந்து அவற்றை ஒருமுறை நிதானமாக வாசித்துவிட்டு மேலே தொடருங்கள். நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துபோகிற பகுதி அது. வழியே போகிற ஒருவன் மரத்திலோ தரையிலோ ஒரு பறவைக் கூட்டைக் காண்கிறான். தாய்ப்பறவை அதில் அடைகாத்துக்கொண்டிருக்கிறது. தாயையும் குஞ்சுகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ள அவனுக்கு அனுமதி இல்லை என்கிறது முதற்கட்டளை. அதை அடுத்த வசனமோ வீடு கட்டுகிறவனிடம் பேசுகிறது. புதுவீட்டின் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். எழுப்பாமல் விட்டு ஒருவன் விழுந்து மாண்டால், அந்தப் பழி அவ்வீட்டின்மேல் வரும்.

பறவைக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம்? உரையாசிரியர்கள் பலர் இதைப் பலவகைச் சட்டங்களின் தொகுப்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கரையில், சன்னிவேலிலும் மில்பிட்டாஸிலும் ஃபிரிமாண்டிலும் குடியிருக்கிற நமக்கு அந்தத் தொடர்பு கண்ணெதிரே கிடக்கிறது. ஒரு வழி, தரையில் ஒரு கூடு, மனிதர் மாளாதபடிக்கு ஒரு சுவர். இம்மூன்றையும் ஒரே நிலத்துண்டில் எப்படிச் சேர்த்துவைப்பது என்பதே நம் வீடுகளிலிருந்து சிறிது தூரத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு பெரிய வேலையின் கேள்வி. அதைக் குறித்து நம் சபையாரில் சிலர் வருத்தத்தோடும் சிலர் கோபத்தோடும் என்னிடம் பேசியிருக்கிறார்கள். 'பாஸ்டர், நாங்கள் நடக்கிற பாதையை மூடப்போகிறார்களாமே' என்பதே அந்த வருத்தத்தின் சாரம். என் அபிப்பிராயத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: அந்தப் பாதைகளில் சிலவற்றை நாம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஏன் என்பதற்குச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஊரிலிருந்து திரும்பும்போது விமானம் தரையிறங்குமுன் சன்னல் வழியே செந்நிறமும் ஆரஞ்சும் பச்சையுமாகக் கட்டம் கட்டமான நீர்நிலைகளைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: அவை உப்பளங்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் சுண்டவிட்டு, ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றி, கடைசியில் உப்பு வாருகிற அதே தொழில்தான் இங்கும் நடந்தது. அளவுதான் பெரிது, கடல்நீர் உப்பாக மாறி வெளியே வர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். ஆதியில் இந்த மண்ணின் ஓலோனி மக்கள் இயற்கையாகப் படிந்த உப்பைச் சேகரித்தார்கள். 1850களில் வணிகத்திற்கான உப்பெடுப்பு தொடங்கியது. அதன்பின் கரைமேல் கரையாக மண்ணை அணைத்து, கடல் ஏறி இறங்குகிற சதுப்பு நிலங்களைப் பாத்திகளாக அடைத்துக்கொண்டே போனார்கள். இந்த விரிகுடாவைச் சுற்றி ஒருகாலத்தில் சுமார் 1,90,000 ஏக்கர் ஓதச் சதுப்பு இருந்தது. 1990களில் எஞ்சியிருந்தது சுமார் 40,000 ஏக்கர். உப்பளம் மட்டும் இதற்குக் காரணமல்ல. வயல்கள், குப்பைமேடுகள், விமானநிலையங்கள், நாம் வேலைபார்க்கிற அலுவலகங்கள் எல்லாமே அந்தக் கணக்கில் உண்டு.

2003ஆம் ஆண்டில் கார்கில் நிறுவனத்திடமிருந்து தென்விரிகுடாவின் 15,100 ஏக்கர் உப்பளங்கள் பொதுச்சொத்தாகக் கைமாறின. அல்விசோவில் சுமார் 8,000 ஏக்கர், ஹேவர்டுக்கு அருகிலுள்ள ஈடன் லேண்டிங்கில் 5,500 ஏக்கர், மென்லோ பார்க்கை ஒட்டிய ரேவன்ஸ்வுட்டில் 1,600 ஏக்கர். அமெரிக்காவின் மேற்குக்கரையிலேயே இதைவிடப் பெரிய ஓதச்சதுப்பு மீட்புப்பணி இல்லை. (ஈடன் என்ற பெயரைப் பார்த்து ஆதியாகமத்துக்கு ஓடிவிடாதீர்கள், அது ஒரு பழைய படகுத்துறையின் பெயர்.) தொடக்கத்திலேயே இத்திட்டத்துக்கு மூன்று நோக்கங்கள் எழுதிவைக்கப்பட்டன: உயிரினங்களின் வாழிடத்தை மீட்பது, வெள்ள அபாயத்தைக் கட்டுக்குள் வைப்பது, பொதுமக்கள் வந்து காண வழிசெய்வது. கூடு, சுவர், வழி. மோசேயின் புத்தகத்தை யாராவது மேசைமேல் திறந்துவைத்திருந்தார்களோ என்று நான் வேடிக்கையாக நினைப்பதுண்டு.

சுவரிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் உயிர்கள் அங்கேதான் ஆபத்தில் இருக்கின்றன.

அல்விசோ என்ற சிற்றூரை நம்மில் பலர் 237ஆம் நெடுஞ்சாலையின் ஒரு வெளியேறும் பலகையாக மட்டுமே அறிவோம். ஒருகாலத்தில் நீராவிப் படகுகள் வந்துநின்ற துறைமுகம் அது. 1968இல் சான் ஹோசே நகரத்தோடு இணைக்கப்பட்டது. ஸ்பானிய மொழி பேசும் உழைப்பாளிக் குடும்பங்கள் பெரும்பாலாக வாழ்கிற இடம்; பக்கத்திலேயே குப்பைமேடு, பக்கத்திலேயே பெருநகரத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அந்த ஊர் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடல் ஏறி வந்ததால் மட்டும் அப்படி ஆகவில்லை, நிலம் இறங்கியது. இந்தப் பள்ளத்தாக்கு பழத்தோட்டங்களால் நிறைந்திருந்த காலத்தில் எல்லோரும் நிலத்தடி நீரை இறைத்தார்கள். பிறகு நகரங்களும் இறைத்தன. அடியிலிருந்த களிமண் அடுக்குகள் நீரை இழந்து நசுங்கின. சான் ஹோசேயின் நடுப்பகுதி ஏறத்தாழ 13 அடி தாழ்ந்துபோனது. வெளியிலிருந்து நீர் கொண்டுவரப்பட்ட பிறகு, 1969 வாக்கில் அந்த இறக்கம் நின்றது. ஆனால் நசுங்கிய மண் மறுபடி எழும்பவில்லை. நீர் இறைத்தது பள்ளத்தாக்கு முழுவதும். கடலுக்குக் கீழே போய் உட்கார்ந்தவர்கள் விளிம்பில் வாழ்ந்தவர்கள்.

1983இல் கொயோட்டே ஓடை கரைபுரண்டு அல்விசோவை மூழ்கடித்தது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அன்றிலிருந்து ஓடைக்கரைகள் உயர்த்தப்பட்டுள்ளன. ஆனால் கடற்புறத்தில் இன்றும் பல இடங்களில் நிற்பவை உப்பளக்காரர்கள் பாத்திக்காக வெட்டிப்போட்ட மண்வரப்புகளே. வெள்ளத்தைத் தடுக்க அவற்றை எவரும் கட்டவில்லை. பாத்தியிலிருந்தே சேற்றை அள்ளி மேலே போட்டு, தாழத் தாழ மறுபடி அள்ளிப்போட்டுவந்த வரப்புகள் அவை. கோல்டன் கேட் அருகே 1854 முதல் கடல்மட்டத்தை அளந்துவருகிறார்கள். கடந்த நூறாண்டில் அது சுமார் எட்டு அங்குலம் ஏறியிருக்கிறது. ஏற்றம் இனி வேகமெடுக்கும் என்பதில் அறிவியலாளர்களிடையே கருத்துவேறுபாடு இல்லை. கைப்பிடிச்சுவரில்லாத மாடியில் பிள்ளைகளைப் படுக்கவைத்திருக்கிறோம் என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

சரி, உயரமான சுவரொன்றை எழுப்பிவிட்டு வேலையை முடித்துவிடலாமே என்று கேட்கலாம். பொறியியல் படித்தவர்கள் நிறைந்த சபை நம்முடையது. இந்தக் கேள்வி வராமல் இராது. அல்விசோவுக்கென்று அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவும் உள்ளூர் நீர்வாரியமும் மாநிலக் கடலோரப் பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து சுமார் நான்கு மைல் நீளத்தில் ஒரு புதிய கரையைத் திட்டமிட்டு, வேலையைத் தொடங்கியும் இருக்கிறார்கள். ஆனால் அதே திட்டத்தின் பாதி, அக்கரைக்கு வெளியே உள்ள சுமார் 2,900 ஏக்கர் பாத்திகளைச் சதுப்பாக மீட்பது. அது அழகுக்காகச் சேர்த்த வேலையல்ல. அகன்ற சதுப்பின்மேல் ஏறிவரும் அலை, செடிகளின் இடையே உரசி உரசித் தன் பலத்தை இழக்கிறது. வெறுங்கரையில் நேரே மோதுகிற அலையோ கரையை அரிக்கிறது. சதுப்பு முன்னே இருந்தால் கரையின் சுமை குறைகிறது, பராமரிப்புச் செலவும் குறைகிறது. மேலும், கரையைச் செங்குத்தாக நிறுத்தாமல், ஓரடி உயர்வதற்கு முப்பதடி நீளுகிற அளவுக்கு மெல்லிய சரிவாகச் சில இடங்களில் அமைக்கிறார்கள். கடல் ஏறும்போது சதுப்பும் அந்தச் சரிவில் மெல்ல ஏறிக்கொள்ள இடம் கிடைக்கும். செங்குத்துச் சுவரின்முன் அகப்பட்ட சதுப்பு, நீர் உயர உயர நின்ற இடத்திலேயே மூழ்கிச் சாகும்.

இதில் காலம் ஒரு கறாரான கணக்கு வைத்திருக்கிறது. கரையை வெட்டிவிட்டவுடன் பாத்தி சதுப்பாகிவிடாது. தாழ்ந்துபோன பாத்திக்குள் ஒவ்வொரு ஏற்றத்தின்போதும் கலங்கல்நீர் வரவேண்டும், வண்டல் படியவேண்டும், படிந்த சேறு செடி பிடிக்கிற உயரத்தை எட்டவேண்டும். அல்விசோவுக்கு வடக்கே தீவுபோலக் கிடந்த மூன்று பாத்திகள், மொத்தம் சுமார் 475 ஏக்கர், 2006 மார்ச் மாதத்தில் வெட்டிவிடப்பட்டன. அவை சேறு படிந்து சில ஆண்டுகளிலேயே பச்சைபிடிக்கத் தொடங்கின. நம்மூர் உப்பங்கழி ஓரங்களின் உமரியைப் போன்ற சதைப்பற்றுள்ள செடிதான் முதலில் வந்தது. ஆழமான பாத்திகளுக்கு இன்னும் நெடுங்காலம் தேவை. கடலேற்றம் வேகமெடுப்பதற்கு முன்பே செடிபிடித்து நின்றுவிட்ட சதுப்பு, வண்டலைப் பிடித்துத் தானும் உயர்ந்து கடலுக்கு ஈடுகொடுக்கும். பிந்தித் தொடங்கிய சதுப்பு எட்டிப்பிடிக்க முடியாமல் போகலாம். ஆகவே நாம் கூட்டங்களில் எழுந்து நின்று ஒரு பாதைக்காக வாதாடி ஓராண்டு தாமதம் உண்டாக்கினால், அந்த ஓராண்டின் விலையை அல்விசோவின் ஒரு குடும்பம் கொடுக்கிறது.

இனி கூட்டுக்கு வருவோம்.

யூத மறைஞர்கள் இந்தக் குருவிக்கூட்டுக் கட்டளையைக் கட்டளைகளிலெல்லாம் மிக இலேசானது என்று குறித்தார்கள். செலவில்லை, உழைப்பில்லை, கையை எடுத்துக்கொண்டு நடந்தால் போதும். ஆனால் இதற்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதியைக் கவனியுங்கள். நன்றாயிருந்து நீடித்து வாழ்வாய் என்ற அதே வாக்கு, தகப்பனையும் தாயையும் கனம்பண்ணும் கட்டளைக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. மரத்தில் மட்டுமல்ல, தரையில் உள்ள கூட்டையும் வேதம் தனியே குறிப்பிடுகிறது. ஈடன் லேண்டிங்கின் வறண்ட பாத்திகளில் அப்படித்தான் கூடு இருக்கிறது. நம்மூர் உப்பளங்களில் ஓடித்திரியும் உப்புக்கொத்தியின் இனத்தைச் சேர்ந்த, வெளிர்நிற மணலோடு மணலாக மறைகிற ஒரு சிறு பறவை, உப்புப் படிந்த வெறுந்தரையில் சிறு பள்ளம் பறித்து முட்டையிடுகிறது. அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகச் சட்டப்படி காக்கப்படும் பறவை அது. மார்ச் முதல் செப்டம்பர் வரை அதற்குக் குஞ்சுகாலம். நீங்கள் அதைக் காணமாட்டீர்கள். அது உங்களைக் கண்டு எழுந்து ஓடும். தாய் எழுந்துபோன முட்டையை வெயில் எடுத்துக்கொள்ளும், இல்லையேல் காக்கையும் கடற்காகமும் எடுத்துக்கொள்ளும்.

சதுப்பிலோ வேறு இருவர் வாழ்கிறார்கள். ஒன்று, நீண்ட அலகுடைய ஒருவகைக் கானாங்கோழி. மற்றது, இந்த விரிகுடாவின் சதுப்புகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, பெருவிரலளவே ஆன ஒரு சிறு எலி. உப்புநீரைக் குடித்தும் வாழவல்லது. குளிர்காலத்தில் ஆண்டுக்குச் சில நாட்கள் வரும் பேரோதத்தின்போது சதுப்பு முழுவதும் முங்கிப்போகிறது. அப்போது அவ்விரண்டும் உயிர்தப்ப ஏறிவருகிற மேட்டுநிலம் எது தெரியுமா? நாம் நடக்கிற கரை. கரையோரத்துப் புதரில் அவை நடுங்கிக்கொண்டிருக்கும் அந்த ஒருமணி நேரத்தில், பேரோதம் பார்க்கக் கூட்டமாகப் போய் ஓரமாக இறங்கி நின்று படம்பிடிக்கிற நாம், பருந்தின் வேலையை எளிதாக்கிக்கொடுக்கிறோம். பாதையின் நடுவில் நடந்தால் இந்தத் தீங்கில் பெரும்பகுதி வராது.

எல்லாப் பாத்திகளையும் சதுப்பாக்கிவிடுவதும் நோக்கமல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஒன்றரை நூற்றாண்டாக உப்பளம் இருந்ததால், உப்பளத்தையே நம்பி வந்துசேர்ந்த பறவைகளும் உண்டு. முக்குளிப்பான்களும் கரைப்பறவைகளும் அந்த உவர்நீரின் கூனிப்பூச்சிகளைத் தின்று பசியாறுகின்றன. அதனால் 50 முதல் 90 விழுக்காடு வரை சதுப்பாக்குவது, மீதியைப் பாத்தியாகவே பராமரிப்பது, ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்துப் பார்த்து முடிவெடுப்பது என்று 2007இல் அரைநூற்றாண்டுத் திட்டம் வகுத்தார்கள். எசேக்கியேல் 47ஆம் அதிகாரத்தில் ஆலயத்தின் நதி போகுமிடமெல்லாம் பிழைப்பு உண்டாகிறது. ஆனால் 11ஆம் வசனத்தில் சில உளைகளும் சதுப்புகளும் உப்புக்கென்றே விடப்படுகின்றன. அந்த வசனத்தைச் சாபமாக மட்டுமே போதித்துக் கேட்டிருக்கிறேன். உப்பும் ஒரு தேவை, அதற்கும் ஒரு மூலையை ஒதுக்கிவைத்தார் என்று வாசிக்கவும் இடமுண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அல்விசோவின் மண்ணுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே மலையிலிருந்த நியூ அல்மடேன் சுரங்கத்தின் பாதரசம் குவாடலூப் ஆறு வழியாக இந்தச் சேற்றில் வந்து படிந்திருக்கிறது. அவசரமாக வெட்டினால் அது கிளம்பி மீனுக்கும் பறவைக்கும் போகும். ஆகவே அங்குள்ள ஒரு பெரிய பாத்தியில் கரையை முழுவதும் உடைக்காமல், திறந்து மூடத்தக்க மதகு வைத்து, 2011 முதல் கொஞ்சம் கொஞ்சமாக ஓதத்தை உள்ளே விட்டுச் சோதித்துவருகிறார்கள். தேவையற்ற தாமதம் வேறு, இந்தப் பொறுமை வேறு.

கடைசியாக வழி. நம் சபையின் வருத்தம் இங்கேதான் இருக்கிறது.

விரிகுடாவைச் சுற்றி 500 மைல் நடைபாதை அமைப்பது என்று 1987இல் சட்டம் வந்தது; இதுவரை 350 மைலுக்கு மேல் முடிந்திருக்கிறது. தெற்கே அதன் பல பகுதிகளும் கிளைகளும் பழைய உப்பளக் கரைகளின்மேல்தான் போகின்றன. கடற்புறக் கரையை வெட்டினால் அதன்மேல் இருக்கும் பாதையும் வெட்டுப்படும். ஒரு வட்டமாக நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்ந்த பாதை, இனி போய்த் திரும்புகிற பாதையாகும். நடுநீரில் நின்ற உணர்வைத் தந்த தொலைக்கரை இல்லாமல் போகும். உட்புறத்துப் புதிய கரைமேல் நடக்கவேண்டும். இது உண்மையான இழப்புதான். வாரம் முழுவதும் திரைக்குமுன் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு, ஊரிலிருந்து வந்து நான்கு சுவருக்குள் அடைபட்ட முதிய பெற்றோருக்கு, அந்தக் கரை எத்தகைய ஆறுதல் என்பதை நான் அறிவேன். அதை இழப்பவர்களிடம் 'எலிக்காகவா?' என்ற கேள்வி எழுவதும் இயல்பே. எலிக்காக மட்டுமல்ல என்பதை இதுவரை சொல்லிவந்திருக்கிறேன்.

ஆனாலும் வழியை அடியோடு அடைத்துவிடுங்கள் என்று சொல்கிற நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இயற்கையைக் காப்பதென்றால் மனிதனை வெளியேற்றுவதே என்று அவர்கள் நம்புகிறார்கள். இந்த விரிகுடாவின் வரலாறு வேறு கதை சொல்லுகிறது. 1961இல் கே கெர், சில்வியா மெக்லாக்லின், எஸ்தர் குலிக் என்ற மூன்று பெண்கள் பெர்க்லியில் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். கடலை மண்கொட்டித் தூர்த்துத் தன் பரப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்க அந்நகரம் திட்டமிட்டிருந்தது. அக்காலத்தில் விரிகுடாவின் கரையில் பொதுமக்கள் போய் நிற்கத்தக்க இடம் மிகச் சில மைல்களே. மீதியெல்லாம் குப்பைமேடு, தொழிற்சாலை, வேலி. தாங்கள் காணாத நீரைத் தூர்ப்பதைக் குறித்து எவர் கவலைப்படுவார்? 1965இல் விரிகுடாவைக் காக்கும் ஆணையம் அமைந்தது. தூர்ப்பதைத் தடுப்பதோடு, கரையில் எது கட்டப்பட்டாலும் இயன்ற அளவுக்குப் பொதுமக்களுக்கு வழிவிட வேண்டும் என்பதும் அதன் சட்டமாயிற்று. மக்கள் வந்து பார்த்தார்கள். 2016 ஜூனில், ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் ஆண்டுக்கு 12 டாலர் வீதம் 20 ஆண்டுகள் வரிகொடுத்துச் சதுப்புகளை மீட்கலாமா என்று ஒன்பது மாவட்டங்களிலும் வாக்கெடுத்தபோது, ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சம்மதித்தார்கள். கரையில் நடந்து பழகியவர்கள் கொடுத்த வாக்குகள் அதில் எத்தனையோ இருந்திருக்கும். வீட்டு உரிமையாளர்களே, உங்கள் சொத்துவரிச் சீட்டில் அந்த 12 டாலர் இருக்கிறது. அதைக் குறித்து முணுமுணுக்காதீர்கள்.

ஆகவே என் வரிசை இது. கடல்மட்டத்துக்குக் கீழே உறங்குகிறவர்கள் முதலில். கூடு அடுத்தது. நம் நடை அதற்கடுத்தது. ஆனால் அதுவும் வரிசையில் உண்டு, பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுகிற அலங்காரமாக அதை நடத்தக்கூடாது. அந்த மூன்றாவது இடத்துக்குள்ளும் ஒரு முன்னுரிமை உண்டு. மவுண்டன் வியூவிலிருந்து காரில் வருகிற நமக்குப் போக வேறு பூங்காக்கள் பத்து இருக்கின்றன. அல்விசோவின் பிள்ளைக்கும், 1998 வெள்ளத்தில் நனைந்த கிழக்குப் பாலோ ஆல்டோவின் பிள்ளைக்கும் இருப்பது வீட்டெதிரே உள்ள அந்தக் கரை ஒன்றே. அவர்களைக் காக்க எழும்புகிற கரை அவர்கள் கண்ணிலிருந்து கடலை மறைக்கிற மதிலாகிவிடக்கூடாது. கரைமேல் ஏறச் சக்கர நாற்காலியும் போகத்தக்க சரிவு, உட்கார இருக்கை, ஸ்பானிய மொழியில் எழுதிய பலகை: இவற்றுக்காகப் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். உங்கள் வட்டப்பாதைக்காகப் பேச வைத்திருந்த மூன்று நிமிடங்களை இதற்குக் கொடுங்கள்.

இவ்வளவு பணத்தைச் சேற்றில் போடுவதைவிட, கொயோட்டே ஓடையோரம் கூடாரங்களில் கிடக்கிறவர்களுக்கு வீடு கட்டலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் மனம் சரியான இடத்தில் இருக்கிறது. ஆனால் வெள்ளம் வரும் இரவில் முதலில் நனைவது அந்தக் கூடாரங்கள்தான். அவர்களுக்கு வீடும் வேண்டும், ஆற்றுக்கு விரிய இடமும் வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் செய்வதில்லை என்பதைக் கண்டிருக்கிறேன். அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொன்ன லேவியராகமம் 23:22ஐ நினைத்துக்கொள்ளுங்கள். நம் பள்ளத்தாக்கோ ஓரம்வரைக்கும் அறுத்துவிட்ட வயல். ஓரத்தைத் திரும்பக் கொடுப்பதற்கே இத்தனை கோடி டாலர் ஆகிறது.

எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் மென்லோ பார்க்கிலுள்ள பெட்வெல் பேஃப்ரண்ட் பூங்காவுக்குப் போய்வாருங்கள். பழைய குப்பைமேட்டின்மேல் அமைந்த பூங்கா அது. அதன் அடிவாரத்தில் ரேவன்ஸ்வுட்டின் ஏறத்தாழ 300 ஏக்கர் பாத்தியொன்றின் கரை 2023 இறுதியில் வெட்டப்பட்டு, நெடுங்காலம் அடைபட்டிருந்த நிலத்துக்குள் ஓதம் மறுபடி நுழைந்தது. மேட்டின்மேல் நின்றால் சேற்றினூடே நீர் தனக்கான கால்களைப் பிரித்துக்கொண்டு போவது தெரியும். இறக்கத்தில் போகாமல் ஏற்றத்தில் போங்கள். நேரத்தை ஓத அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். தொலைநோக்கி உள்ளவர்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் சற்றுக் கொடுங்கள்.

மார்ச் மாதம் பிறந்தவுடன் உப்புக்கொத்திகள் தரையில் கூடு பறிக்கத் தொடங்கும். வறண்ட பாத்திகளை ஒட்டிய கிளைப்பாதைகளில் மூடப்பட்டது என்ற பலகையைக் கண்டால், கயிற்றைத் தாண்டாமல் திரும்பிவிடுங்கள். நாயைக் காரிலும் விட்டுவைக்க வேண்டாம், வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். செப்டம்பரில் குஞ்சுகள் பறந்த பிறகு மறுபடி போகலாம். அதுவரை ஃபிரிமாண்டின் கொயோட்டே ஹில்ஸ் குன்றுகளில் நடக்கலாம். அங்கேயிருந்து பாத்திகள் முழுவதும் தெரியும்; ஏறுவதற்குச் சற்று மூச்சுவாங்கும், முதியவர்களை அடிவாரத்துத் தட்டைப்பாதையில் அழைத்துச்செல்லுங்கள்.